சத்தம் அவனுக்கு என்ன தருகிறது?

எங்கள் பயிற்சி மையத்தில் முதல் நாளன்று பெற்றோரிடம் ஒரு படிவம் கொடுப்போம். வீட்டில் உங்களுக்கு மிகவும் சிரமமாக இருப்பது எது என்று அதில் ஒரு கேள்வி. பேச்சு வரவில்லை என்று எழுதுவார்கள், ராத்திரி தூங்குவதில்லை என்று எழுதுவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் எழுதுவது இது: "சும்மா இருக்க மாட்டேங்கிறான், சத்தம் போட்டுக்கிட்டே இருக்கான்."

என்ன சத்தம் என்று கேட்டால் அம்மாக்கள் செய்து காட்டுவார்கள். அப்பாக்களுக்குக் கூச்சம், கைப்பேசியில் பதிவு செய்ததை நீட்டுவார்கள். வாயை மூடியபடி 'ம்ம்ம்' என்று ஒரே இழுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு 'ஈஈஈ'. நாக்கை அண்ணத்தில் அடித்து 'டொக் டொக்'. எந்தச் சொல்லிலும் சேராத அசைகள். என்றோ கேட்ட சோப்பு விளம்பரத்தின் ஒரு வரி, அதே ஏற்ற இறக்கத்தோடு, காலை எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை. இந்தச் சத்தத்தால் வாடகை வீட்டைக் காலி செய்தவர்கள் வந்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று, கையில் பணம் இல்லாதபோதும் ஆட்டோ வைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கை கல்யாணத்துக்குக் கணவன் முகூர்த்தத்துக்கும் மனைவி சாப்பாட்டுக்குமாக மாறி மாறிப் போய்வந்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். 'அவன் இயல்பு, விட்டுவிடுங்கள்' என்று இவர்களிடம் லேசாகச் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனாலும் "சத்தத்த மட்டும் நிறுத்திக் குடுங்க டீச்சர், போதும்" என்ற வேண்டுகோளை அப்படியே ஏற்றுக்கொள்வதும் இல்லை. பல ஆண்டு இந்த வேலையைச் செய்தபின் நான் உறுதியாக நம்புவது இது: சத்தம் பிள்ளைக்கு ஏதோ ஒன்றைத் தருகிறது. அது காதுக்குக் கிடைப்பதா, தாடைக்கா, நெஞ்சுக்கா, அல்லது எதிரில் இருப்பவரிடமிருந்து கிடைப்பதா என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை வேறு வழியில் கொடுக்க வேண்டும். வேலையில் முக்கால் பங்கு கண்டுபிடிப்பதுதான்.

முதலில் பேச்சையும் ஒலியையும் பிரித்துப் பார்ப்போம். ஆட்டிசத்தை விவரித்து லியோ கானர் 1943இல் எழுதிய கட்டுரையில் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லும் பழக்கத்தை அவர் அதிலேயே குறித்திருக்கிறார். அதைப் பொருளற்ற எதிரொலி என்றே நெடுங்காலம் பலரும் நினைத்தார்கள். 1981இல் பாரி பிரிசன்ட், ஜூடித் டுச்சன் இருவரும் அந்தப் பேச்சைக் கூர்ந்து ஆராய்ந்து, சம்மதம் சொல்ல, ஒன்றைக் கேட்டு வாங்க, தன் முறைக்குப் பேச, தன்னைத் தானே நிதானப்படுத்திக்கொள்ள எனப் பல காரியங்களுக்குப் பிள்ளைகள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டினார்கள். பேச்சு போலத் தோன்றும் எதையும் குறைக்க முயலும் முன் இதை நினைத்துக்கொள்வேன்.

ரயில் நிலைய அறிவிப்பைச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு பையன் எங்களிடம் வந்தான். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று தொடங்கி, வண்டி எண்ணை ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி உச்சரித்து, நடைமேடை எண்ணோடு முடிப்பான். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. வேறொரு இடத்தில் அவனுக்கு ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்க வைத்திருந்தார்கள். பாட்டுக்கு மேலேயே அறிவிப்புச் சொன்னான். நாங்கள் குறித்துப் பார்த்தபோது அறிவிப்பு பெரும்பாலும் மேஜை வேலையின்போதே வந்தது, அதிலும் எழுத்துப் பயிற்சித் தாள் வந்ததும் உரக்க வந்தது. அவன் தொடங்கியதும் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள், தாள் அப்படியே நிற்கும். 'கிளம்பலாம்' என்பதை அவன் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தேவை இசை இல்லை, கையில் எடுத்து நீட்ட ஒரு 'போதும்' அட்டை. அட்டையை நீட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு கிடைக்கும் என்று அவன் நம்பத் தொடங்கியதும் மேஜையில் வண்டிகள் குறைந்தன. சாயங்காலம் மொட்டை மாடியில் நடந்தபடி விளையாட்டாகச் சொல்வது இன்றும் உண்டு. அதை யாரும் தடுப்பதில்லை.

பிறரிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத ஒலி வேறு வகை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, பிள்ளையைத் தனியே விட்டுப் பார்ப்பது. பிரையன் இவாட்டாவும் குழுவினரும் 1982இல் எழுதிய ஆய்விலிருந்து இந்த முறை வந்தது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்காக அவர்கள் அதை உருவாக்கினார்கள். தனிமையில் ஒரு முறை, வேலை கொடுத்து ஒரு முறை, கவனம் கொடுக்காமல் ஒரு முறை, விளையாட விட்டு ஒரு முறை என மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நாங்கள் கதவை ஒருக்களித்துவிட்டு, கேமரா வழியாகப் பார்ப்போம். யாரும் இல்லாத அறையிலும் சத்தம் அதே அளவு தொடர்ந்தால், அது யாரையும் கூப்பிடுவதற்காக அல்ல. அந்தச் சத்தமே அதற்கான பலன். 'வோக்கல் ஸ்டீரியோடைப்பி' என்று எங்கள் துறையில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இங்கே ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். 1978இல் ஆர்னால்ட் ரின்கோவர் எழுதியது. மேஜைமேல் தட்டைச் சுழற்றிச் சுழற்றி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான் ஒரு பையன். மேஜைக்குக் கம்பளம் விரித்தார்கள். தட்டு சுழன்றது, ஒலி வரவில்லை. பையன் சுழற்றுவதை விட்டுவிட்டான். தட்டு சுற்றும் காட்சியை அவன் நாடவில்லை, ஓசையைத்தான் நாடினான் என்பது அதிலிருந்து தெரிந்தது. தட்டின் ஓசையை எடுத்துவிட ஒரு கம்பளம் போதும். தொண்டைக்கு எதை விரிப்பது? குரல் அவனுக்குள்ளேயே பிறந்து அவன் காதுக்கும் எலும்புக்கும் நேரே போகிறது, அதை எடுத்துவிட முடியாது. அதனால்தான் குரலொலி விஷயத்தில் மாற்றுத் தூண்டல் கொடுக்கும் வழிக்கு வந்து சேர்கிறோம். கேத்லீன் பியாட்சாவின் குழு 2000இல் காட்டியதும் இதற்குத் துணை: ஏதோ ஒரு விளையாட்டுப் பொருளைக் கொடுப்பதைவிட, அந்தச் செயல் தரும் அதே புலனுணர்வைத் தரும் பொருளைக் கொடுத்தபோது செயல் அதிகம் குறைந்தது.

'அதே புலனுணர்வு' என்று எழுதுவது எளிது, பிள்ளையிடம் தேடுவது கஷ்டம். வாயை மூடி முனகும் ஒரு பையனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏழு வயது. முனகும்போது இரண்டு விரலால் காதை அடைத்துக்கொள்வான். சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று பள்ளியில் நினைத்தார்கள். காதை அடைத்துக்கொண்டு நீங்களும் ஒருமுறை முனகிப் பாருங்கள். குரல் தலைக்குள் பெரிதாக, கனமாகக் கேட்கும். எலும்பு வழியே வரும் தாழ்ந்த ஒலி காதுக்குழாயின் வாய் அடைபட்டதால் வெளியேறாமல் உள்ளேயே தங்குகிறது. பையன் வெளிச்சத்தத்துக்குப் பயந்து காதை மூடவில்லை, தன் ஒலியைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் மையத்தில் சங்கீதம் கற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவன் முனகலைக் கேட்டுவிட்டு, "அஞ்சு கட்டைக்குப் பக்கத்துல நிக்கிறான், நகரவே மாட்டேங்கிறான்" என்றார். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைத்துப் பக்கத்தில் ஒலிக்கவிட்டோம். உற்றுக் கேட்டான், முனகல் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். காதுக்கு வேண்டியது மட்டும் என்றால் இன்னும் குறைந்திருக்க வேண்டும். பிறகு அவர் வீட்டிலிருந்து துருத்தி வைத்த பழைய மரச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பையன் அதன் பலகைமேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டான். முனகல் நின்றது. மரம் அதிர்வது தாடைக்கும் கன்னத்துக்கும் ஏறுகிறது, சுருதி காதில் விழுகிறது, இரண்டும் சேர்ந்ததுதான் அவன் தனக்குத் தானே செய்துகொண்டிருந்தது. அன்று அந்த ஆசிரியை அவன் எழுந்திருக்கும்வரை துருத்தியை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பெட்டி ஒலிக்கும்போது பிள்ளை அமைதியாக இருப்பதை வைத்து நான் முடிவுக்கு வருவதில்லை. பெட்டியை எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஜான் ராப், மார்க் லானோவாஸ் போன்றவர்கள் இந்த இடத்தைத்தான் அழுத்தமாக ஆராய்ந்தார்கள். லானோவாஸும் ராப்பும் சகாக்களோடு 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தூண்டல் நடக்கும்போது குரலொலி எப்படி மாறுகிறது, அது முடிந்தபின் எப்படி மாறுகிறது என்று தனித்தனியே அளந்தார்கள். நாங்களும் முன், போது, பின் என்று மூன்று பத்தி போட்டுக் குறிக்கிறோம். பத்து விநாடிக்கு ஒரு கட்டம், அந்தப் பத்து விநாடியில் சத்தம் வந்தால் ஒரு கோடு. வயிறு நிறையச் சாப்பிட்டவன் பந்தியிலிருந்து எழுந்தபின் சாப்பாட்டைத் தேட மாட்டான், இலையைப் பிடுங்கி எழுப்பிவிட்டவன் தேடிக்கொண்டே இருப்பான். 'பின்' பத்தியில் கோடுகள் முன்பைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தூண்டல் பிள்ளையின் தேவையை நிறைவு செய்திருக்கிறது. முன்பைவிட அதிகமானால் சத்தத்தைச் சற்று நேரம் தடுத்து நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவே. மரச் சுருதிப் பெட்டிக்குப் பிறகு அரைமணி நேரம்வரை அவன் முனகல் தாழ்ந்தே இருந்தது. அந்த அரைமணியில்தான் எழுத வைத்தோம்.

இந்த மூன்று பத்தியை வீடுகளில் வைத்துப் பார்க்க வேண்டிய பொருள் கைப்பேசி. வீடியோ ஓடும்வரை பிள்ளை கப்சிப். "ஃபோன் குடுத்தா தங்கம் டீச்சர்" என்பார்கள். அந்தத் தாய்மார்களை 'பின்' பத்தியை நிரப்பிவரச் சொல்வேன். ஃபோனை வாங்கிய அடுத்த பத்து நிமிடத்தில் கட்டத்துக்குக் கட்டம் கோடு போட்டுக்கொண்டு வருவார்கள், சிலருடைய தாளில் இடமே இருக்காது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன். எழுதிப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருந்ததில்லை என்று மட்டும் சொல்வேன்.

பல்லைக் கடித்து 'ஈஈஈ' என்று இழுக்கும் பாப்பா ஒருத்தி. அவள் விஷயத்தைக் கண்டுபிடித்தது அவளுடைய பாட்டிதான். "முறுக்கு தின்னா பிறகு செத்த நேரம் கம்முனு இருக்காம்மா" என்று போகிறபோக்கில் சொன்னார். வாய் நிறைய இருந்தால் யாருக்கும் சத்தம் வராது, அதனால் தின்னும் நேரத்தை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு நாள் முறுக்கு, ஒரு நாள் அதே அளவு நேரம் குழைந்த பொங்கல், இரண்டுக்கும் பிந்தைய நேரத்தை மட்டும் குறித்தோம். பொங்கலுக்குப் பிறகு சத்தம் உடனே திரும்பியது. முறுக்குக்குப் பிறகு தாமதமாக, மெலிந்து திரும்பியது. மாற்றி மாற்றிப் பலமுறை பார்த்தோம், அப்படியே இருந்தது. வாய்க்கு வேலை வேண்டும் என்பதல்ல, தாடையில் அழுத்தம் வேண்டும். நாள் முழுக்க முறுக்குக் கொடுக்க முடியாது. நீளமாக நறுக்கிய கேரட், தட்டை, அப்பளம், இவற்றுக்கு இடையில் மெல்லுவதற்கென்றே விற்கும் சிலிக்கோன் குழாய். பலூன் ஊதுவதும் மவுத்தார்கன் வாசிப்பதும் அவளுக்குப் பிடித்தன, ஆனால் பின்விளைவு இல்லை. அவற்றை விளையாட்டாக வைத்துக்கொண்டோம், மருந்தாக நம்பவில்லை. விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்குக் கடினமான தீனியை ஸ்பீச் தெரபிஸ்ட் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்கும் பக்கத்தில் ஆள் இல்லாமல் கொடுக்கக் கூடாது.

கொடுக்கும் நேரம் தவறினால் சரியான பொருளும் கெட்டுப்போகும். சத்தம் வந்ததும் ஓடிப்போய்ச் சுருதிப் பெட்டியைக் கொடுத்தால், சத்தம் போட்டால் பெட்டி வரும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுக்கிறோம்: பாடத்துக்கு முன், பஸ் ஏறுவதற்கு முன், விருந்தாளி வருவதற்கு முன். சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு அது கிடைக்கும். நாளாக ஆக இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். பிள்ளையே படம் காட்டியோ கைநீட்டியோ கேட்கக் கற்றுக்கொண்டால் அதைவிட நல்லது இல்லை. முனகும் பையனின் பள்ளிக்கு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை, பேட்டரியில் அதிரும் குட்டித் தலையணை ஒன்றைத் தாடைக்கு வைத்துக்கொள்ளக் கொடுத்தோம். பெட்டி அளவுக்கு வேலை செய்யவில்லை, இரண்டு பாடவேளைக்குத் தாங்கியது. ஹெட்போன் பயன்படுத்துகிறவர்கள் ஒலியளவைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சத்தத்தை மூடுவதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் வீடுகள் நிறைய.

மாற்றுத் தூண்டல் எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை. எதைத் தேடுகிறான் என்றே பிடிபடாத பிள்ளைகள் உண்டு. வேறொரு முறையும் இருக்கிறது: வில்லியம் அஹர்னும் சகாக்களும் 2007இல் விவரித்தது. சத்தம் வந்ததும் இடைமறித்து, பிள்ளை பதில் சொல்லக்கூடிய எளிய கேள்விகளை, சத்தமில்லாமல் தொடர்ந்து மூன்று பதில் வரும்வரை கேட்பார்கள். குறைகிறது என்று அவர்கள் காட்டினார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு நாள் முழுவதும் ஒரு பெரியவர் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சமையலறையில் ஒரு கால், பிள்ளையிடம் ஒரு கால் என்று நிற்கும் அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது நியாயம் இல்லை. பேசத் தெரிந்த பிள்ளைக்கு, குறிப்பிட்ட பாடவேளையில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். கனமான சட்டை போடுவது, தோலைப் பிரஷ்ஷால் தேய்ப்பது போன்றவற்றை அளக்காமலே மாதக்கணக்கில் செய்யும் இடங்களும் உண்டு. முன், போது, பின் என்று ஒரு தாள்கூட இல்லாமல் ஒரு பிள்ளைமேல் எதையும் செய்துகொண்டிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

எதைக் குறைப்பது என்பதற்கு முன்னால், குறைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. வளர்ந்து ஆளான ஆட்டிசக்காரர்கள் பலர், இந்த ஒலியும் ஆட்டமும்தான் தங்களைத் தாங்கிப் பிடித்தன, அதை அடக்க வைத்தது தங்களை வதைத்தது என்று எழுதியும் பேசியும் வருகிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அதனால் எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சத்தத்தால் பிள்ளையின் தொண்டை புண்ணாகிறதா, தூக்கம் கெடுகிறதா, பக்கத்தில் பேசுவது அவன் காதில் ஏறாமல் போகிறதா, பள்ளியில் உட்கார முடியவில்லையா? இவற்றில் ஒன்றாவது இருந்தால் அந்த நேரத்துக்கும் அந்த இடத்துக்கும் மட்டும் வேலை செய்வோம். மற்ற நேரம் அவனுடையது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசத் தயார். சத்தம் போடுகிறான் என்று ஒரு பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்பியபோது, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு நானே அந்தத் தாயோடு போனேன். ஆட்டிசம் அந்தச் சட்டம் சொல்லும் 21 குறைபாடுகளில் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் பள்ளி பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். பையன் இப்போது அங்கேதான் படிக்கிறான்.

அடி மட்டும் வேண்டாம். உதட்டில் தட்டினால் ஒரு நொடி நிற்கும், அந்த நொடியைப் பார்த்து 'வேலை செய்கிறது' என்று கை பழகிவிடும். பிள்ளைக்குத் தேவைப்பட்டது அப்படியே இருக்கிறது, பயம் ஒன்று கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சத்தம் திடீரென்று கூடியிருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். காதில் அடைத்த குறும்பி, சீழ், சொத்தைப் பல், நெஞ்செரிச்சல் எதையும் இந்தப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதெல்லாம் இல்லை என்று தெரிந்தபின் ஒரு வாரம் நோட்டு வைத்து எழுதுங்கள்: எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், கை எங்கே இருந்தது, என்ன செய்தபின் கொஞ்ச நேரம் நின்றது. பாட்டியும் அக்காவும் கவனித்ததையும் எழுதுங்கள். அந்த நோட்டோடு தெரபிஸ்டிடம் போங்கள். அது இல்லாமல் ஹெட்போனோ மெல்லும் குழாயோ காசு கொடுத்து வாங்க வேண்டாம்.